பழைய அறையின் குளிர்

ஒருகொடவத்தையில் புதிய குளிரறைகள்.
பேலியகொடையில் பழையவை.
இடையில் களனி ஆறு, ஒரு பாலம்,
பாலத்தின்மேல் எந்நேரமும் நகராத லொறிகள்.
இரண்டுக்கும் ஒரே கட்டமைப்புத்தான் என்றார்கள்,
அந்தக் கோப்பிலிருந்து இந்தக் கோப்புக்குப்
பிரதி எடுத்து ஒட்டினால் முடிந்தது,
பத்து நிமிச வேலை.

அறை நான்கைத் தொட்டேன். பிரதி.
திரை கேட்டது:
இது பதினொரு பொருள்களைச் சுட்டுகிறது.
அவற்றையும் கூட்டி வரவா,
அங்கே அதே பெயரில் இருப்பவற்றோடு முடிந்துவிடவா,
இருந்தபடியே விடவா?

ஆறு மணிக்கு அலுவலக வான்.
ஐந்து ஐம்பது.
இருந்தபடியே என்பது
யாரையும் கடிக்காத சொல் போலிருந்தது.

அன்றிரவு புதிய அறை
சைபருக்குக் கீழே பதினெட்டில், பச்சையாக.
மறுநாளும் பதினெட்டு.
வெள்ளவத்தைக் கடலோரம்
கடைசி ரயில் ஜன்னலை உலுக்கிப்போன பிறகும்
ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலை ஃபளீல்.
"மிஸ், கதவுக்குக் கீழால தண்ணி வருது."
திரையைப் பார்த்தேன். பதினெட்டு. பச்சை.
"சரியாத்தானே காட்டுது" என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
போனை அறைக்குள் நீட்டியிருக்க வேண்டும்.
அறக்குளாவும் பாரையும் சொட்டுகிற சத்தம்
காதுக்குள் விழுந்தது.

புதிய அறை இரண்டு நாளாக
ஆற்றுக்கு அக்கரையின் குளிரை
தன் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
பொய் சொல்லவில்லை.
கேட்கச் சொன்ன இடத்தில் கேட்டுச் சொன்னது.

அறுநூற்று நாற்பது கிலோ.
விதானகே கத்தவில்லை.
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு
பிளேன்டீ குடிக்கப் போனார்.

பிறகு ஒவ்வொன்றாய்.
பெயர் பார்த்து இணைத்தால்
அங்கேயும் 'இரவு நேரம்', இங்கேயும் 'இரவு நேரம்'.
அங்கே இரவு பத்துக்குத் தொடங்குகிறது.
இங்கே, வள்ளம் வருகிற கணக்கில், மாலை நாலரைக்கே.
பெயர் ஒன்று, இருட்டு வேறு.

எல்லாவற்றையும் கூட்டி வந்தாலோ
வால்பிடித்து வந்து நிற்கிறார் மரியநேசன்.
நான்கு வருடம் முன்பு பிரிஸ்பேன் போன மரியநேசன்.
எந்த மணி அடித்தாலும்
முதலில் அழைக்கவேண்டியவர்.
அழிக்கப் பார்த்தேன்.
அழிக்க முடியாது:
நாற்பத்து மூன்று இடங்களில் இவர் தேவைப்படுகிறார்.

போன மனிதர் யாரைப் பற்றியும்
இவ்வளவு துல்லியமாக
எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த இலக்கத்துக்கு அடித்தேன்.
ஒரு பெண், சிங்களத்தில், தெகிவளையிலிருந்து.
இலக்கம் தனக்கு வந்து நான்கு வருடமாகிறதாம்.
"நீங்களா? அந்த மீன்காரர்களா?"
நடுச்சாமம் ஒரு மெசின் குரல் வரும்,
அறை நான்கு, கதவு திறந்திருக்கிறது,
அறை நான்கு, கதவு திறந்திருக்கிறது,
அவள் ஓம் ஓம் என்று சொன்னாலும் கேட்காதாம்.
பழகிவிட்டதாம். ஆனாலும்
வைப்பதற்கு முன் கேட்டாள்:
"போன கிழமையும் வந்தது.
அந்தக் கதவை யாராவது சாத்தினார்களா?"

தெரியாது என்று சொல்லக் கூச்சமாயிருந்தது.
சாத்தினோம் என்றேன்.

நாற்பத்து மூன்று இடங்களிலும்
அவரை எடுத்துவிட்டு என்னை வைத்தேன்,
இரண்டு கோப்புகளிலும்.
கடைசியில் அழி என்றபோது
எந்தக் கேள்வியும் இல்லாமல் போனார்.

நேற்றிரவு இரண்டு பத்துக்கு
என் தலையணைக்குக் கீழே அந்தக் குரல்.
அறை நான்கு, கதவு திறந்திருக்கிறது.
எந்தக் கரையின் நான்கு?
அதை எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை,
எனக்கும்.
"மிஸ், நான் ஒருகொடவத்தையில நிக்கிறன்,
ஒருக்கா தொட்டுப் பார்த்துச் சொல்றன்" என்றார் ஃபளீல்.

இருட்டில் போனைப் பிடித்தபடி இருந்தேன்,
அவர் செருப்புச் சத்தம்
கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.